எங்கள் வீட்டு வயிறு

பெரியவர் வீட்டில் பிறந்த யாருக்கும் வயிறு கெட்டதாகச் சரித்திரம் கிடையாது. கெட்டிருந்தால் அது வெளியிலிருந்து வந்த வயிறாக இருக்கும். தம்பி மனைவி கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், குடும்பச் சாற்றை ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஒரே காலைப்பொழுதில் நான்கு முறை பாத்ரூமுக்கு ஓடினாள். பெரியவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"அவங்க வீட்டுத் தண்ணி அப்படி. எங்க வீட்டு வயிறு இப்படிப் பண்ணாது."

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமாக அந்த அம்மாள் சாற்றைத் தொடுவதில்லை. மூட்டு வலித்தால் தைலம் தேய்த்துக்கொள்கிறாள். தைலம் வேறு வீட்டுத் தயாரிப்பு என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்துக்கொள்கிறாள்.

சாறு என்பது ஒரு கொடியின் இலையிலிருந்து வருவது. புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. வீட்டில் "நம்ம இலை" என்பார்கள், உலகத்தில் மற்ற இலைகளெல்லாம் யாருடையவையோ என்பதுபோல. இலையை நிழலில் உலர்த்தி, ஒன்றிரண்டாக இடித்து, அண்டாவில் போட்டு நாலில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, துணியில் வடிகட்டினால் கருப்பாக ஒன்று வரும். அது முழங்கால் வலிக்கு. பழுப்புப் பாட்டிலில், பெரியவரின் தாத்தா எழுதிக் கொடுத்த வாசகத்தோடு போகும்: "மூட்டுக்கு உறுதி, வயிற்றுக்கு இதம்." மூன்று தலைமுறையாக அதில் ஒரு எழுத்து மாறவில்லை. பெரியவரும் இருபது வயதிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு முப்பது மில்லி குடித்துவருகிறார். எழுபத்தொன்றிலும் நிமிர்ந்துதான் உட்காருவார். சாய்வு நாற்காலியில்கூடச் சாயமாட்டார்.

காய்ச்சுவது அக்கா. பெரியவருக்கு மூன்று வயது மூத்தவள். ஊரே பெரியவர் என்று சொல்லும் மனிதரை "டேய்" என்று கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஆள். கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தம்பி, சின்னவர். அவருக்குக் கடைக்காரர்கள் முகம் சுளித்தால் தூக்கம் வராது.

போன வருஷம் கடைக்காரர்கள் கூட்டமாகச் சுளித்தார்கள். பரிசோதனைச் சான்று இல்லாத மருந்தை இனி அலமாரியில் வைக்க முடியாதாம்.

"பரிசோதனைன்னா?" என்றார் பெரியவர்.

"முதல்ல எலிக்குக் குடுத்துப் பாப்பாங்களாம் அண்ணா. எலிக்கு ஒண்ணும் ஆகலைன்னா அப்புறம் மனுஷங்களுக்கு."

"மூணு தலைமுறையா மனுஷன் குடிச்சதை எலிகிட்ட விசாரிக்கப் போறாங்களா? எலி எந்தக் காலேஜ்ல படிச்சுது?"

"விதி அப்படி."

"எலிக்கு முழங்கால் வலின்னு யார் சொன்னது?"

"வலிக்கு இல்லை அண்ணா. செத்துப்போகுதான்னு பாக்கிறதுக்கு."

பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, எலிகளுக்கு நல்ல பாட்டிலாகப் பார்த்துக் கொடு, பழைய சரக்கைக் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொன்னார். அவர் கௌரவம் எலி வரைக்கும் நீண்டது.

எலிகள் குடும்ப மானத்தைக் காப்பாற்றின. பதினான்கு நாள் குடித்துவிட்டு ஒன்றுகூடச் சாகவில்லை. "உயிரிழப்பு இல்லை" என்ற ஆராய்ச்சித் துறைக் கடிதத்தைப் பெரியவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தார். எலி என்ற சொல் இரண்டாவது வரியிலேயே வருவதால் விட்டுவிட்டார். அந்தக் கடிதத்தில் மூன்றாவது வரி ஒன்றும் இருந்தது. கூண்டுகளை வழக்கத்தைவிட அடிக்கடி சுத்தம் செய்யவேண்டியிருந்தது என்று. பெரியவர் அதைத் துறையின் சுத்தத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

அடுத்தது மனிதர்கள். அதற்காக டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். மருத்துவக் கல்லூரியில் மூலிகைப் பிரிவின் தலைவி. நாற்பது வயதிருக்கும், சின்ன உருவம், எதையும் இரண்டு முறை சொல்லாத பழக்கம். கூடவே கம்பவுண்டர். இருபத்தாறு வருஷமாக அங்கே மருந்து கலக்குகிறவர். பட்டறைக்குள் நுழைந்ததும் வாசனை பிடித்து, "ஆஹா, அசல் சரக்கு" என்று சொன்னவர். அந்த ஒரு சொல்லால் பெரியவர் மனதில் அவருக்கு நாற்காலி கிடைத்துவிட்டது.

டாக்டரம்மா விளக்கினார். முழங்கால் வலிக்காரர்கள் அறுபது பேர். முப்பது பேருக்குச் சாறு. முப்பது பேருக்கு அதே நிறம், அதே கசப்பு உள்ள வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஆறு வாரம்.

"ஏன் தண்ணி?" என்றார் பெரியவர்.

"மருந்து சாப்பிடுறோம்ங்கிற நம்பிக்கையிலயே சிலருக்கு வலி குறையும் ஐயா. அதைக் கழிச்சுப் பாத்தாத்தான் உங்க சாறு என்ன செஞ்சுதுன்னு தெரியும்."

"வலின்னு வந்தவனுக்குத் தண்ணியக் குடுத்து ஏமாத்துறது."

"அவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"ஏமாத்துறதுக்குக் கையெழுத்து வாங்குற காலம் வந்தாச்சு," என்றார் பெரியவர் சுவரைப் பார்த்து.

சிக்கல் கசப்பில் வந்தது. டாக்டரம்மா கல்லூரியில் கலக்கிக்கொண்டுவந்த போலியைப் பெரியவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

"இது கசப்பில்லை அம்மா, கோபம். நம்ம சாறு முதல்ல கசந்து, அப்புறம் தொண்டையில மரியாதையா இறங்கும். குடிக்கிறவன் ஒரே மடக்குல கண்டுபிடிச்சிடுவான்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆகவே போலியையும் பெரியவர் பட்டறையிலேயே, அவர் நாக்கின் மேற்பார்வையில் கலப்பது என்று முடிவாயிற்று. டாக்டரம்மா கொடுத்த கசப்புப் பொடி, கருக்கிய சர்க்கரைப் பாகு, கொதித்த தண்ணீர். கம்பவுண்டர் பக்கத்தில் நின்று அளந்து ஊற்றினார். சாயங்காலத்துக்குள் நாற்பது லிட்டர் ஸ்டீல் கேன்கள் இரண்டு தயார். ஒன்றில் "அசல்" என்றும் மற்றதில் "போலி" என்றும் கம்பவுண்டர் சீட்டு ஒட்டினார்.

"ஆறின பிறகு மூடி சீல் வைக்கணும் ஐயா. ரெண்டுக்கும் உங்க வீட்டு முத்திரையே வச்சிடலாம், நடுவுல யாரும் திறக்கலைன்னு தெரியும். நான் காலையில ஒம்பது மணிக்கு வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் பொறுப்பு என்றுகூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்த நல்ல மனிதர்.

பெரியவருக்கு மறுநாள் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. பட்டறையில் கேன்களுக்கு முன்னால் போய் நின்றார். "போலி" என்று தடித்த எழுத்து. அதன் மூடியில் இன்னும் நாலு மணி நேரத்தில் தாத்தாவின் முத்திரை விழப்போகிறது. போலி, மேலே முத்திரை. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அதை ஒரே வாக்கியமாகத்தான் படிக்க முடிந்தது.

அவருக்கு அறிவியல் புரியாமல் இல்லை. தனக்கு வேண்டிய அளவு புரிந்திருந்தது. எத்தனை பேருக்குக் குணம் என்று எண்ணப்போகிறார்கள். முப்பது பேர் அசல் குடித்தால் முப்பதில் இத்தனை. அறுபது பேரும் குடித்தால் அறுபதில் இத்தனை. கூடுதலாக முப்பது பேருக்கு வலி போகும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நம் வீட்டு வாசலிலிருந்து கிளம்புகிற பாத்திரத்தில் நிஜம் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

போலியைச் சாக்கடையில் கவிழ்த்தார். பக்கத்தில் கடைக்கென்று அக்கா காய்ச்சி வைத்திருந்த அண்டாவிலிருந்து நாற்பது லிட்டர் நிஜத்தை மொண்டு மொண்டு கேனை நிரப்பினார். எழுபத்தொரு வயதில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தன் கையாலேயே. ஆறு மணிக்குத் தன் முப்பது மில்லியைக் குடித்தார். ஒன்பது மணிக்கு வந்த கம்பவுண்டர் மூடிகளைச் சரிபார்த்தார். முத்திரை இரண்டிலும் அழுத்தமாக விழுந்தது.

"அண்டா எப்படிடா காலியாப் போச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"ஈ விழுந்துடுச்சு. கொட்டிட்டேன்."

"ஈ."

"ஆமா."

"நாப்பது லிட்டருக்கு ஒரு ஈ," என்றாள் அக்கா. மேலே ஒன்றும் கேட்காமல் இலை இடிக்கப் போனாள். சாக்கடை ஓரத்தில் இரண்டு நாளைக்கு எறும்புகள் வரிசையாக வந்து, ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. சர்க்கரைக்காக வந்தவை, கசப்புக்காகத் திரும்பியவை. அக்கா அதையும் நின்று பார்த்தாள்.

கல்லூரியில் பாட்டில்களில் பிரித்துக் கொடுத்தபோது கம்பவுண்டர் போன் செய்தார். "ஐயா, ரெண்டையும் ருசி பாத்தேன். வித்தியாசமே தெரியலை. எப்படித்தான் கலக்குனீங்களோ."

"வித்தியாசம் தெரியாது," என்றார் பெரியவர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆறு வாரம் கழித்துச் சகோதரர்கள் இருவரும் டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவர் புதுச் சட்டை போட்டிருந்தார். பெரியவர் நாற்காலியின் விளிம்பில், முதுகெலும்பை மேஜைக்குச் செங்குத்தாக வைத்து உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் சுவரோரம் நின்றார். வழக்கமாக வணக்கம் சொல்கிறவர், அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா கோப்பைத் திறந்தார். "சாறு குடிச்ச முப்பது பேர்ல பத்தொன்பது பேருக்கு வலி நல்லாக் குறைஞ்சிருக்கு."

பெரியவரின் முதுகு மேலும் ஒரு விரற்கடை உயர்ந்தது.

"வெறும் தண்ணி குடிச்ச முப்பது பேர்ல இருபது பேருக்குக் குறைஞ்சிருக்கு."



"அப்படின்னா?" என்றார் சின்னவர்.

"உங்க சாறும் சாயத் தண்ணியும் ஒண்ணுதான்னு அர்த்தம். சரியாச் சொன்னா, தண்ணி ஒரு ஆள் கூடுதல்."

தன் மருந்திடம் தன் மருந்தே ஒரு ஆள் வித்தியாசத்தில் தோற்றுப்போனதைக் கேட்கும் பாக்கியம் உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பெரியவர் வாயைத் திறந்தார். திறந்த வாயில் சொல்வதற்கு இரண்டே விஷயங்கள் இருந்தன. ஒன்றைச் சொன்னால் மருந்துக்கு அவமானம், மற்றதைச் சொன்னால் முத்திரைக்கு. மூடிக்கொண்டார்.

"அது போகட்டும். எனக்குப் புரியாதது பாதுகாப்புப் பகுதி," என்றார் டாக்டரம்மா. "சாறு குடிச்சவங்கள்ல பதினோரு பேருக்கு வயித்துப்போக்கு. அது சாறோட வேலைன்னு வச்சுக்கலாம். தண்ணி குடிச்சவங்கள்ல பன்னெண்டு பேருக்கு வயித்துப்போக்கு. வெறும் தண்ணிக்கு ஏன் போகணும்?"

"அவங்க வீட்டுத் தண்ணி..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துப் பெரியவர் நிறுத்திக்கொண்டார்.

"மிச்சமிருந்த கசப்புப் பொடியைச் சோதிச்சுட்டேன். அதுல ஒண்ணுமில்லை. போலி பாட்டில் ஒண்ணாவது மிஞ்சியிருந்தா அதைப் பாத்திருக்கலாம், எல்லாத்தையும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டாங்க. அப்போ கலக்கும்போது ஏதோ கெட்டது சேர்ந்திருக்கு. கலக்குனது எங்க ஆள்." அவர் கம்பவுண்டர் பக்கம் திரும்பவில்லை. "திங்கட்கிழமை குழு கூடுது. அவரோட கவனக்குறைவுன்னுதான் எழுதியாகணும். ஆட்சேபணை இருந்தா அதுக்குள்ள சொல்லுங்க."

கம்பவுண்டர் மெதுவாகச் சொன்னார். "நான் ரெண்டு தடவை கை கழுவினேன் மேடம். ஐயாவே பாத்தாங்க."

பெரியவர் பார்த்தார்தான். மூன்று தடவை கழுவினார் என்பதுகூட நினைவிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் சின்னவர் பேசிக்கொண்டே வந்தார். "அண்ணா, வயித்துப்போக்கு நம்ம மேல வராம அந்தாள் மேல போயிடுச்சு, அது ஒரு விதத்துல நல்லது. வலி விஷயத்துக்கு மட்டும் மறுபரிசோதனை கேப்போம்."

"எது நல்லது?" என்றார் பெரியவர்.



வீட்டில் அக்கா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டாள். "அந்த ஈ எப்படிடா இருக்கு?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாப்பது லிட்டர் குடிச்ச ஈ. அதுக்கும் வயித்தால போயிருக்கும்."

"அக்கா."

"என்னை ஏன்டா முறைக்கிறே? அந்தக் கம்பவுண்டர் நம்ம வீட்டுல வந்து கை கழுவிட்டுத்தானே நின்னாரு? அவரு கை அழுக்குன்னு எழுதப் போறாங்க. முத்திரை யாரு வச்சது?"

"நம்ம பாத்திரத்துல போலின்னு எழுதி..."

"எழுதினது சீட்டு. உரிச்சா வந்துடும்." அக்கா அண்டாவைக் கவிழ்த்தாள். "அவரு பேர்ல எழுதப்போறது உரிச்சா வருமா?"

பெரியவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரம் ஆறு மணிச் சாற்றைக் குடித்தாரே தவிர, சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டிருந்தார். ஒரு சொல் சொன்னால் நாற்பது வருஷமாகப் பெரியவர் என்று அழைத்த ஊர், பெரியவர் கேனை மாற்றினார் என்று சொல்லும். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. கம்பவுண்டர் மட்டும் அழுக்குக் கைக்காரராக வீட்டுக்குப் போவார். பெரியவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அந்தக் கைகள் குழாயடியில் மூன்றாம் முறையாகக் கழுவிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு டாக்டரம்மா அறைக்கு வந்தபோது வாசலில் பெரியவர் நின்றிருந்தார். கையில் நான்கு பக்கக் கடிதம். குடும்பப் பாரம்பரியத்தில் தொடங்கி, முத்திரையின் பெருமை வழியாக, போலி என்ற சொல்லின் இழிவைக் கடந்து, மூன்றாம் பக்கத்தின் கடைசியில்தான் கேனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

டாக்டரம்மா நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தார்.

"ரெண்டு கேன்லயும் சாறா?"

"ஆமா."

"நீங்களேவா ஊத்தினீங்க?"

"வேற யாருக்கும் தெரியாது. உங்க ஆள் கை சுத்தம். மூணு தடவை கழுவினாரு."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பெரியவர் தாங்கியிருப்பார். ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இது குழுவுக்கு நீளம். ரெண்டே வரி எழுதுங்க. போலியைக் கொட்டினேன், சாற்றை ஊத்தினேன். கையெழுத்து."

எழுபத்தொரு வயதுக் கௌரவம் இரண்டு வரியில் அடங்கியது. இடம் மிச்சமிருந்தது.

"அறுபது பேர்கிட்டயும் நடந்ததைச் சொல்லிடுவேன்," என்றார் டாக்டரம்மா. "வலிக்கு நடந்த சோதனை செல்லாது. சாறு வேலை செய்யுதா இல்லையான்னு இப்ப எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மறுபடி செய்யணும். போலியை வேற இடத்துல கலப்போம், நீங்க அந்தப் பக்கமே வரக்கூடாது. ஆனா ஒண்ணு மட்டும் இப்பத் தெளிவாத் தெரிஞ்சுபோச்சு. அறுபது பேர் உங்க சாறு குடிச்சாங்க. இருபத்துமூணு பேருக்கு வயிறு போயிருக்கு. சாகிற ஆபத்து இல்லை. ஆனா பாட்டில்ல வயிற்றுக்கு இதம்னு இனிமே போட முடியாது."

"அது எங்க தாத்தா எழுதினது."

"உங்க வீட்டுல குடிச்ச யாருக்குமே வயித்துக்கு ஒண்ணும் செஞ்சதில்லையா ஐயா?"

"எங்க வீட்டு வயிறு..." என்றார் பெரியவர்.

அப்போது ஏனோ சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. ஆறு மணிக்குச் சாறு. ஆறரைக்குப் பாத்ரூம். ஐம்பத்தொரு வருஷமாக, வெயிலோ மழையோ, ஒரு நாள் தவறாமல், அவசரமாக. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ஒழுங்கு. இளைஞர்களுக்கு அதையே உதாரணமாகக்கூடச் சொல்லியிருக்கிறார்.

"என்ன ஐயா?"

"ஒண்ணுமில்லை," என்றார் பெரியவர். நாற்காலியில் முதல் முறையாகச் சாய்ந்தார்.

அன்று மாலை கம்பவுண்டர் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்துப் பெரியவர் எழுந்து நின்றார். கம்பவுண்டர் காலியாகத் திரும்பிய இரண்டு கேன்களையும் கீழே வைத்துவிட்டு, கை கழுவக் குழாய் எங்கே என்று கேட்டார். தெரியாத இடமல்ல. பெரியவர் தானே கூடப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கம்பவுண்டர் மூன்று முறை கழுவினார். நிதானமாக.

அவர் போன பிறகு பெரியவர், பாட்டிலுக்காகத் தாத்தா கைப்பட எழுதிய பழைய சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு புது வாசகம் எழுத உட்கார்ந்தார். சின்னவர் பின்னால் நின்று கையைப் பிசைந்தார்.

"சின்ன எழுத்துல அடியில போட்டுடலாம் அண்ணா. யாரும் படிக்கமாட்டாங்க."

"படிக்கக்கூடாதுன்னா எதுக்கு எழுதணும்?"

மூட்டுக்கு உறுதி என்பதை முதலில் அடித்தார். அது நிரூபணமாகும் வரை காத்திருக்கட்டும். வயிற்றுக்கு இதம் என்பதை அடிக்கச் சற்று நேரம் பிடித்தது. தாத்தாவின் கையெழுத்தின் மேல் ஒரே நேர்க்கோடாக இழுத்தார். அதன் கீழே, தடித்த எழுத்தில்: "இச்சாற்றை அருந்துவோரில் ஐந்தில் இருவருக்கு வயிறு இளகும்."

"இதை எவன் வாங்குவான்?" என்றார் சின்னவர்.

"மலச்சிக்கல்காரன் வாங்குவான்," என்றாள் அக்கா. சீட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். கதவோரம் தம்பி மனைவி வந்து நின்றதைப் பெரியவர் பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்து நான்கு ஓட்டமும் அவள் முகத்தில் நின்றிருந்தது.

"ஐந்தில் இருவர்," என்றாள் அக்கா. "அந்த இருவரும் வெளியாளுங்கன்னு நினைச்சுக்கப் போறாங்கடா."

பெரியவர் சீட்டைத் திரும்ப வாங்கினார். பேனாவைத் திறந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, தாத்தாவின் முத்திரைக்கென்று விட்டிருந்த இடத்துக்கு மேலே, திருத்தமாக எழுதிச் சேர்த்தார்:

"எங்கள் வீட்டார் உட்பட."